சூடு காணுமோ?

ஓய்வு பெற்ற ஒருவனிடம் போய், "உங்கள் அனுபவங்களை எழுதித் தாருங்கள்" என்று கேட்பவர்கள் பின்விளைவுகளை யோசிக்காதவர்கள். உங்கள் பொறுப்பாளர் அப்படித்தான் கேட்டுவிட்டார். ஆகவே, இயன்மருத்துவப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, உங்களுக்குத் தப்ப வழியில்லை. வாசியுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர். போன மாதம் என் முழங்காலைக் காட்ட அங்கே வந்திருந்தேன். உங்களில் ஒரு தங்கை என் காலைத் தொடுமுன்பே கைத்தொலைபேசியில் ஒரு முழங்கால் மூட்டின் படத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். அழகான மூட்டு. என்னுடையது அல்ல என்பதுதான் குறை. பிறகு சூட்டுப் பையைத் துவாய்த் துண்டில் சுற்றி முழங்காலின் மேல் வைத்துவிட்டு, "சூடு காணுமோ சேர்?" என்று கேட்டார். "காணும்" என்றேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டதால்தான் இதை எழுதச் சம்மதித்தேன். அந்தத் தங்கை கோபிக்க வேண்டாம். அதே கேள்வியை அதே குரலில் முப்பது வருடம் கேட்டவன் நான்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். எங்கள் ஊரில் 'காணும்' என்றால் 'போதும்'. பந்தியில் சோறு போட வருகிறவரைப் பார்த்து, கையை இலைக்கு மேல் விரித்து, "காணும், காணும்" என்போம். பாதிப் பேர் வயிறு நிறைந்து சொல்வதில்லை, மரியாதைக்குச் சொல்வதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு வலிகாமத்தில் ஒரு வைத்தியசாலையில் பொறுப்பாக இருந்தேன். சுகந்தி என்ற பெண்ணை அங்கேதான் கண்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும். சண்டிலிப்பாயில் வீடு. விடியப்புறம் எழுந்து இடியப்பம் அவித்து, சுன்னாகம் சந்தையைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். கூட வந்தவர் அவருடைய மாமியார். வெளிநோயாளர் பிரிவிலிருந்து கொண்டுவந்த அட்டையில் 'கழுத்து நோ' என்று மட்டும் இருந்தது.

"கையிலை ஏதும் கரைச்சலோ தங்கச்சி?" என்று கேட்டேன்.

"ஓம் சேர். ரெண்டு கையும் விறைப்பு. இடக்கையிலைதான் கூடுதல்."

விறைப்பு! இந்தச் சொல்லை நம்மவர்கள் எத்தனை விதமாகப் பாவிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மார்கழிப் பனியில் விரல் விறைக்கும். கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்கும். மடக்க முடியாத மூட்டும் விறைப்பு, கிள்ளினாலும் தெரியாத தோலும் விறைப்பு. நோயாளி தமிழில் ஒரு சொல்லைச் சொல்வார், அட்டையிலோ நாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் மூட்டு இறுகியதற்கு ஒரு சொல், தோல் மரத்ததற்கு இன்னொரு சொல். எதை எழுதுவது என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நாள் முழுக்க இறுகிய மூட்டுகளையே பார்க்கிறவனுக்கு உலகமே இறுகிய மூட்டாகத்தான் தெரியும். 'ஸ்டிஃப்னஸ்' என்று அழகாக எழுதி அடியில் கோடும் போட்டேன். அந்தக் கோட்டை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஆட்களைச் சிரிக்க வைக்க நான் விடுகிற பகிடிகள் அந்தப் பகுதியில் பிரசித்தம். பக்கவாதம் வந்து பேச்சுப் போன ஒருவர் மீண்டும் பேசத் தொடங்கியதும், முதல் வேலையாக என் பகிடி ஒன்றைத் திருத்திச் சொன்னார் என்று தாதிமார் ஒரு கதை கட்டியிருந்தார்கள். அன்றைக்கும் சும்மா இருக்கவில்லை. "இஞ்சை வாற எல்லாருக்கும் நான்தான் கையைப் பிழிஞ்சு பயிற்சி எடுக்கச் சொல்லிக் குடுக்கிறனான். இடியப்பம் பிழியிற நீங்கள் வந்தால், நான் உங்களிட்டைப் படிக்கவேணும்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்தார். மாமியார் சிரித்தார். சுகந்தி உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒரு கையைப் பிடரியில் வைத்து, நிலத்தைப் பார்த்தார்.

"உவள் சிரிக்க மாட்டாள் சேர்" என்றார் மாமியார். "கலியாணம் செய்து வந்த நாளிலை இருந்து உப்பிடித்தான். கொஞ்சம் பெருமை."

நான் அதை நம்பினேன். நல்ல பகிடிக்குச் சிரிக்காதவரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் நம்பிவிடுகிற குணம் எனக்கு இருந்தது. பிடரியில் போன கையை நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

இரண்டு தடவை பயிற்சி கொடுத்தேன். மூன்றாம் தடவை கைகளுக்குச் சூடு, அதற்கு அடுத்த தடவை கழுத்தைக் கருவியில் மாட்டி மெல்ல இழுப்பது என்று திட்டம் போட்டிருந்தேன்.

சூடு வைக்குமுன் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதித்தானே வந்தீர்கள். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் குளிர்தண்ணீர். நோயாளி கண்ணை மூட வேண்டும், எது சூடு எது குளிர் என்று சொல்ல வேண்டும். எங்களிடமும் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று உடைந்துபோயிற்று, மற்றதில் யாரோ செவ்வரத்தம்பூ குத்தி மேசையில் வைத்திருந்தார்கள். வெளியே வாங்குப் பலகை நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். நான் விரலால் சுகந்தியின் கையைத் தொட்டு, "தெரியுதோ?" என்றேன். "தெரியுது சேர்" என்றார். அது போதும் என்று எனக்குப் பட்டது. பூவை எடுத்துவிட்டுக் குழாயைக் கழுவ எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று கேட்காதீர்கள். நானே பலமுறை கேட்டுவிட்டேன்.

பையைத் துவாயில் சுற்றி இடது முன்கையில் வைத்தேன். சிறிது நேரம் கழித்து அந்தப் பக்கம் போகிற போக்கில் கேட்டேன்.

"சூடு காணுமோ தங்கச்சி?"

"காணும் சேர்."

பந்தியில் கேட்கிற கேள்வி, பந்தியில் சொல்கிற பதில். அவருக்குச் சூடு தெரிகிறதா என்று நான் கேட்கவேயில்லை. அவரும் தெரிகிறது என்று சொல்லவேயில்லை.

நேரம் முடிந்து பையை எடுத்தேன். துவாயின் ஒரு மடிப்பு விலகிப் போயிருந்தது. தோல் சிவந்திருந்தது, சூட்டுக்குத் தோல் சிவக்கும்தானே என்று விட்டுவிட்டேன். அவர் விரல் பயிற்சிகளைச் செய்து முடித்து, கைப்பையை அதே கையில் மாட்டிக்கொண்டு புறப்பட எழுந்தபோதுதான் கவனித்தேன். முன்கையின் குறுக்கே தோல் பொங்கி, நீண்ட கொப்புளம் ஒன்று எழும்பியிருந்தது. கைப்பையின் வார் அதன் மேலேயே உரசிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

அவரை இருத்தி, கைப்பையை மெல்லக் கழற்றி, கையைக் குளிர்தண்ணீரில் பிடித்தேன். "நோகேல்லையோ?" என்றேன். தன் கையைக் குனிந்து பார்த்தார். "இல்லை சேர்" என்றார்.

அப்போது மாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"உது இடியப்பச் சூடு சேர். உவளுக்கு எப்பவும் உப்பிடித்தான். ஆவியிலை கையை விட்டிட்டு நிப்பாள், ஒண்டும் செய்யாது. கை பழகிப் போச்சுது."

உண்மைதான். இரண்டு கைகளிலும் பழைய சூட்டுத் தழும்புகள், காய்ந்தவை, ஆறிக்கொண்டிருப்பவை. அத்தனைக்கும் நடுவே என்னுடைய ஒன்றைப் பிரித்துக் காண ஒருவராலும் முடியாது. அட்டையில் 'அடுப்படியில் பட்ட பழைய சூடு' என்று ஒரு வரி எழுதினால் விஷயம் அதோடு முடிந்துவிடும். மாமியார் சாட்சி. சுகந்தி வாயே திறக்கவில்லை. எதிரே கதிரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவன். அங்கே பாவ அறிக்கையை எல்லாருமாகச் சேர்ந்து, 'நாங்கள்' என்று பன்மையில் சொல்லுவோம். அதில் ஒரு வசதி இருக்கிறது, யார் என்ன செய்தார் என்று வராது. அட்டையில் அப்படி எழுத முடியாது. எழுதினால் நான், என் கையெழுத்து, அன்றைய திகதி. ஒரு சிறு கறையும் இல்லாமல் ஓய்வு பெற வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். பொறுப்பாளரே நோயாளியைச் சுட்டுவிட்டார் என்பது மத்தியானத்துக்குள் தாதிமார் விடுதி வரை போய்விடும் என்பதும் தெரியும். பேனையைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். பயமாகத்தான் இருந்தது, இதில் வீரம் பேச ஒன்றுமில்லை.

கடைசியில் எழுதினேன். 'சூட்டுப் பையால் நான் உண்டாக்கிய எரிகாயம். முன்கூட்டிச் சோதிக்கவில்லை. நோயாளி சூட்டையும் நோவையும் உணரவில்லை.' எழுதிவிட்டு மாமியாரிடம், "இது இடியப்பச் சூடு இல்லை அம்மா. இப்ப நான் வைச்ச சூடு. என்ரை பிழை" என்றேன். அவர் வாயைப் பிளந்தார். அட்டையை எடுத்துக்கொண்டு இருவரையும் மருத்துவப் பகுதி டொக்டரிடம் நானே கூட்டிப் போனேன்.

அந்த டொக்டருக்கு என் மகளின் வயது. என்னை 'அண்ணை' என்பார். சரியான கெடுபிடிக்காரி. காயத்துக்கு மருந்து கட்டச் சொல்லிவிட்டு அட்டையை வாசித்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் கடைசி வரியை இரண்டாம் தடவை வாசித்தார்.

"உணரேல்லையோ? ஆனால் தொட்டால் தெரியுது எண்டவவோ?"

"ஓம் டொக்டர்."

பஞ்சாலும் ஊசியாலும் சோதித்தார். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு பட்ட இடமெல்லாம் சுகந்தி சரியாகச் சொன்னார். ஊசியும் படுவது தெரிந்தது, குத்துவது தெரியவில்லை. கைகள், தோள்கள், முதுகின் மேற்பகுதி, ஒரு சால்வை போர்த்தால் மூடுகிற இடமெல்லாம் அப்படித்தான். பிறகு டொக்டர் நான் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இருமினால், தும்மினால் பிடரிப் பக்கம் தலையிடிக்கிறதோ?"

"ஓம் டொக்டர். வெடிக்கிற மாதிரி இருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "சிரிச்சாலும் அப்பிடித்தான். அதாலை சிரிக்கிறேல்லை."

மாமியார் சுவரைப் பார்த்தார். நானும் வேறொரு சுவரைப் பார்த்தேன்.

"கழுத்தை இழுத்தனீங்களோ அண்ணை?" என்று டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இல்லை. அடுத்த முறைக்கு எண்டு வைச்சிருந்தனான்."

அவர் கதிரையில் சாய்ந்து மூச்சு விட்டார். எனக்கு அதன் அர்த்தம் ஸ்கான் படம் வந்த பிறகுதான் முழுதாக விளங்கியது.

படம் எடுத்த பிறகு டொக்டர் எங்கள் அறைக்கே வந்து, அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். தலையோட்டின் அடியில் ஒரு துவாரம் இருக்கிறது, முள்ளந்தண்டு நாண் அதனூடாகத்தான் கழுத்துக்குள் இறங்குகிறது. சிலருக்குப் பிறப்பிலேயே தலையோட்டின் பின்பக்க அறை சிறிதாக அமைந்துவிடும். அங்கே இருக்க வேண்டிய சிறுமூளையின் நுனி, இடமில்லாமல் அந்தத் துவாரத்துக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். அதற்கு யாரோ வெளிநாட்டு வைத்தியரின் பெயர் வைத்திருக்கிறார்கள், உங்கள் தொலைபேசியில் தட்டினால் வரும். இருமும்போதும் சிரிக்கும்போதும் அழுத்தம் ஏறி பிடரி வெடிக்கும். மூளையைச் சுற்றி ஓடுகிற நீர் வழி கிடைக்காமல் நாளடைவில் நாணுக்குள்ளேயே ஒரு குழி விழும். அந்தக் குழி முதலில் கெடுப்பது சூட்டையும் நோவையும் கொண்டுபோகும் நரம்பிழைகளை. தொடுகையைக் கொண்டுபோகும் இழைகள் வேறு பாதையால் போவதால் தப்பிவிடும். நான் விரலால் தொட்டு ஏமாந்தது அந்த இடத்தில்தான். இப்படி அடைபட்டிருந்த கழுத்தைக் கருவியில் மாட்டி இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் அப்போதுதான் விளங்கியது.

"இப்பிடியே விட்டால் கை விரல் மெலியும், பிறகு நடையும் கெடலாம்" என்றார் டொக்டர். "பிடரி எலும்பிலை கொஞ்சம் எடுத்து இடம் விடவேணும். ஒப்பறேசன்."

சுகந்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடியப்ப உரல் சின்னனாய் இருந்து மாவைக் கூட வைச்சு அமத்தினால் கீழாலை பிதுங்குமே, அப்பிடியோ டொக்டர்?"

டொக்டர் சிரித்துவிட்டார். "அப்பிடியே தான். மாவிலை பிழையில்லை. இடந்தான் காணாது."

மாமியாருக்கு வேறொரு கவலை. "பிறவிக் குறை எண்டால் கலியாணம் பேசேக்கையே சொல்லியிருக்க வேணுமே?"

"அவவுக்கே இண்டைக்குத்தான் தெரியும் அம்மா. அவ உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்றார் டொக்டர். மாமியார் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. ஒப்பறேசன் நாளில் முழு நேரமும் வாசலில் காத்துக்கிடந்ததும், மருமகள் வீட்டில் படுத்திருந்த மாதங்களில் சுன்னாகத்துக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்ததும் அவர்தான். முதல் வாரத்தில் அவருடைய விரல் நாலும் சுட்டுப்போயின. அப்போதுதான் 'பழகிய கை' என்பது என்ன என்று தனக்கு விளங்கியதாக என்னிடம் சொன்னார்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. குழாயைத் தேடுங்கள், பூ இருந்தால் எடுத்துவிடுங்கள். 'காணுமோ' என்று கேட்காதீர்கள், கண்ணை மூடச் சொல்லி 'இது சூடோ குளிரோ' என்று கேளுங்கள். 'விறைப்பு' என்றால், 'மடக்க ஏலாத விறைப்போ, கிள்ளினால் தெரியாத விறைப்போ' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். சிரிக்காத நோயாளியை முதலில் சந்தேகிக்காதீர்கள், உங்கள் பகிடியைச் சந்தேகியுங்கள். இவ்வளவுதான் என்று சொல்லி முடித்திருப்பேன், பிறகு நடந்த ஒன்று இல்லாவிட்டால்.

ஒப்பறேசன் முடிந்து சில மாதங்களின் பின் சுகந்தி பயிற்சிக்கு வரத் தொடங்கினார். தலையிடி போயிருந்தது. "இப்ப சிரிக்கலாம் சேர்" என்றார். நான் உடனே ஒரு பகிடி விட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "தலையிடியாலை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்" என்றார். என் வாழ்நாளில் என்னை அப்படி ஒருவரும் கவிழ்த்ததில்லை.

உடைந்ததற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அன்று இரண்டு குழாய்களோடும் சோதித்தேன். வலக்கையில் சூடு கொஞ்சம் தெரிந்தது. இடக்கையில் தெரியவில்லை. இனித் தெரியவரும் என்று நானும் சொல்ல முடியாது, டொக்டரும் சொல்ல முடியாது. மேலும் கெடாமல் நின்றதே பெரிய காரியம். ஆவிக்குப் பக்கத்தில் போகுமுன் கண்ணால் பார்க்கவும், பிடிதுணி இல்லாமல் எதையும் தொடாமல் இருக்கவும் பழக்கினேன். அவர் முன்கையில் நான் வைத்த தழும்பு வெளிறிக் கிடந்தது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் மனம் குறுகும். அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன்.

"இது மறையாது தங்கச்சி. எனக்குச் சரியான கவலை."

"எனக்கு இது நீங்கள் சுட்டது எண்டு அண்டைக்கே தெரியும் சேர்" என்றார்.

"எப்பிடி? உங்களுக்குத்தான் நோகேல்லையே?"

"கண் தெரியும்தானே. இது நேர்க்கோடு, துவாயின்ரை மடிப்பு. என்ரை அடுப்படியிலை நேர்க்கோடு எண்டு ஒண்டும் இல்லை. பானை, மூடி, இடியப்பத் தட்டு எல்லாம் வட்டம். ஒரு நாளும் இப்பிடிச் சுட்டதில்லை."

"பிறகேன் சொல்லாமல் இருந்தனீங்கள்?"

"மாமி பழகின கை எண்டு சொன்னா. ஆசுப்பத்திரியிலையும் அதையே எழுதினால், பிறகு நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? நீங்கள் என்ன எழுதுறியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அடுப்பு எண்டு எழுதியிருந்தால் நான் திரும்பி வந்திருக்க மாட்டன் சேர். எங்கையும் போயிருக்க மாட்டன்."

சொல்லிவிட்டுக் கைப்பையை வலக்கையில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும், என் மரியாதையைப் பற்றி நானே தனியாக முடிவெடுக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். எதிரே கதிரையில் இருந்து அவர் என்னைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.